மகிழ்ச்சியான நாளை நாட்குறிப்பில் எழுதுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

வெண்தாள் (இழையைத் தொடங்கியவர்)

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி. மனம் நொந்த நாளில் பேனா தானாக ஓடுகிறது. யார் என்ன சொன்னார், அதற்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும், ஏன் வாயடைத்து நின்றேன் என்று பக்கம் பக்கமாக நிறைந்துவிடுகிறது. மனம் நிறைந்திருந்த நாளிலோ, “இன்று நல்ல நாள்” என்ற ஒரு வரிக்கு அப்பால் எதுவும் வருவதில்லை. இப்படியே சில ஆண்டுகள் சென்றால், பின்னாளில் அந்த நோட்டுகளைப் புரட்டுகிறவர், அவர் நானாகவே இருந்தாலும், இந்த மனிதர் காலமெல்லாம் மனக்குறையிலேயே உழன்றிருக்கிறார் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. உண்மை அதுவல்ல என்பதற்கான சான்று எங்கும் எழுதப்பட்டிருக்காது.

நாட்குறிப்பின் பயனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்கு, இலக்கு, நேர மேலாண்மை என்றே பேசுகிறார்கள். அவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன்; ஆனால் அவற்றுக்கு வேலைப் பட்டியலே போதும். எழுதுகிற நேரமே இன்பமாக இருக்க வேண்டும், எழுதியதிலிருந்து என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று தெரியவர வேண்டும் என்ற இரண்டு ஆசைகளோடு எழுதுகிறவர்கள் என்ன முறையைக் கையாளுகிறீர்கள்? குறிப்பாக, மகிழ்ச்சியை எப்படி எழுதுகிறீர்கள்?

ஐயவினா

துன்பம் நம்மிடம் கேள்வியாகவே வந்து சேர்கிறது. ஏன் இப்படி நடந்தது, யார் மீது தவறு, இனி என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு விடை தேடவே எழுதத் தொடங்குகிறோம். விடை கிடைக்கும் வரை எழுத்து நீள்கிறது. இன்பம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கைக்கு வேலை இல்லாமல் போகிறது. இதை எழுதுகிறவரின் குறைபாடாக நான் கருதவில்லை.

அதோடு ஓர் ஐயத்தையும் கிளப்பிவிடுகிறேன். மகிழ்ச்சியை எழுதித்தான் ஆக வேண்டுமா? உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. வாழ்வின் மிக மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும், அதைத் தமக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். மிக மகிழ்ச்சியான அனுபவத்துக்கு வந்தபோது முடிவு தலைகீழாகிவிட்டது. மனத்துக்குள் எண்ணிப் பார்த்தவர்களே எழுதியவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், தம் மகிழ்ச்சியான நாளைப் படிப்படியாகப் பிரித்து ஆராய்ந்தவர்களைவிட, நடந்தது நடந்தபடியே மனத்தில் மீண்டும் ஓடவிட்டவர்களுக்கே நன்மை மிகுதியாக இருந்தது. அப்படியானால் “இன்று நல்ல நாள்” என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவைப்பதுதான் அறிவுடைமை என்று ஏன் சொல்லக்கூடாது?

மைக்கறை

சொல்லக்கூடாது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, ஐயா. சாட் பர்ட்டன், லாரா கிங் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தம் வாழ்வின் ஆழ்ந்த மகிழ்ச்சி தந்த அனுபவங்களைப் பற்றி மூன்று நாட்கள், நாளுக்கு 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சாதாரணப் பொருளைப் பற்றி எழுதியவர்களைவிட இவர்களுடைய மனநிலை உயர்ந்தது. அடுத்த சில மாதங்களில் இவர்கள் மருத்துவரை நாடியதும் குறைவாகவே இருந்தது. ஆகவே எழுதினால் இன்பம் கெட்டுவிடும் என்று பொதுவாக முடிவு கட்டிவிட முடியாது.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நன்றிப் பட்டியல் எழுதுகிறவன். இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கல்லோ ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு இதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. பத்து வாரங்கள், வாரத்துக்கு ஒரு முறை, நன்றியுணர்வு தந்த ஐந்து செய்திகள் வரை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நல்ல விதமாக மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் ஆய்வின் அந்தப் பத்து வாரப் பகுதியில் இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னர் லியுபோமிர்ஸ்கி குழுவினரே வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களையும் மூன்று முறை எழுதியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு முறை எழுதியவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. அடிக்கடி எழுதினால் அது சடங்காகிவிடுகிறது. “குடும்பம், உடல்நலம், நண்பர்கள்” என்று மூன்று சொற்களைத் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிவிட்டுப் படுப்பதற்குப் பெயர் நன்றியுணர்வு அன்று.

பழம்பதிவு

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆராய்வது ஒன்று, விவரிப்பது மற்றொன்று. மகிழ்ச்சியை ஏன், எதனால், இது நீடிக்குமா, இதற்கு நான் தகுதியுடையவனா என்று குடைந்தால் அது கரைந்துவிடுகிறது. என்ன கண்டேன், என்ன கேட்டேன், அப்போது உடல் எப்படி இருந்தது என்று எழுதினால் அது மீண்டும் ஒரு முறை நிகழ்கிறது. துன்பத்துக்கு ஆராய்ச்சி உதவுகிறது, இன்பத்துக்கு விவரிப்பு உதவுகிறது என்று வைத்துக்கொண்டால் இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

இந்த இழையில் கேட்கப்பட்டுள்ள கேள்வியையே தன் வாழ்க்கையின் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேரியன் மில்னர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி உளவியலில் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வாளராகப் பெயர் பெற்றவர். 1926இல், இருபத்தாறு வயதில், தனக்கு உண்மையில் எது வேண்டும் என்பதே தனக்குத் தெரியவில்லை என்று அவர் உணர்ந்தார். வேலை, நண்பர்கள், கல்வி எல்லாம் இருந்தும், பிறர் விரும்பத்தக்கது என்று சொன்னவற்றின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் எப்போது மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மட்டும் குறித்துவைத்து, அந்தக் குறிப்புகளிலிருந்து தன் விருப்பங்களைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தார். அதாவது, மகிழ்ச்சியைப் பற்றிய கொள்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, களத்தில் இறங்கித் தரவு திரட்டினார். பல ஆண்டுக் குறிப்புகளின் அடிப்படையில் 1934இல் ஜோன்னா ஃபீல்ட் என்ற புனைபெயரில் ஒரு நூலை வெளியிட்டார்.

அவர் கண்டவற்றுள் இரண்டு, நாட்குறிப்பு எழுதுகிற எவருக்கும் உதவும். முதலாவது, மகிழ்ச்சி தரும் என்று அவர் எதிர்பார்த்தவையும், குறிப்புகளில் மகிழ்ச்சியாகப் பதிவானவையும் வேறு வேறாக இருந்தன. பெரிய வெற்றிகளைக் காட்டிலும், ஒன்றையும் அடைய முயலாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்த கணங்களே மீண்டும் மீண்டும் தலைகாட்டின. கவனத்துக்கு இரண்டு வகை உண்டு என்ற முடிவுக்கு அவர் இதிலிருந்தே வந்தார்: ஒரு நோக்கத்தோடு குறுகி நிற்கும் கவனம் ஒன்று, எதையும் வேண்டாமல் விரிந்து நிற்கும் கவனம் மற்றொன்று. இரண்டாவது, எழுதத் தொடங்கிய பின் அவர் பார்க்கும் விதமே மாறியது. மாலையில் எழுத வேண்டும் என்ற நினைவு பகலிலேயே கண்ணைத் திறந்துவிடுகிறது. நாட்குறிப்பு தரும் இன்பத்தில் ஒரு பெரும் பங்கு நோட்டைத் திறப்பதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

வெண்தாள் அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. “மாலையில் மனம் லேசாக இருந்தது” என்று எழுதுவதற்குப் பதிலாக, “நான்கு மணிக்கு மழை விட்டது. சன்னல் கம்பியில் தொங்கிய துளிகளில் ஒன்று அடுத்ததோடு சேர்ந்து விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை” என்று எழுதிப் பாருங்கள். மகிழ்ச்சி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் படிக்கிறவருக்கு அது தெரியும். “எடுக்கவில்லை” என்ற ஒரு சொல்லில் அன்றைய நீங்கள் முழுவதுமாக இருக்கிறீர்கள்.

ஐயவினா

விவரிப்பு, ஆராய்ச்சி என்ற பிரிவை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுவதுமாக அன்று. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்று செய்திகளையும், ஒவ்வொன்றும் ஏன் நன்றாக நடந்தது என்பதையும் ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். அதன் பயன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அங்கே “ஏன்” என்ற கேள்வி கெடுதல் செய்யவில்லை. ஒரு வரியில் காரணம் சொல்வதும், பக்கக் கணக்கில் குடைவதும் வேறு என்று பழம்பதிவு சொல்வார் என எதிர்பார்க்கிறேன்.

பழம்பதிவு

அதைத்தான் சொல்வேன்.

ஓரக்குறிப்பு

இழை மகிழ்ச்சியின் பக்கம் சாய்ந்திருப்பதால், மற்றப் பக்கத்தைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது. துயரத்தை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு இன்பத்தை மட்டும் எழுதுவது என்று யாராவது முடிவெடுத்தால் அது பிழையாகிவிடும். மனத்தில் உள்ளதை மறைத்துக்கொண்டு எழுதுகிற நாட்குறிப்பில் தன்னை அறிதல் நிகழாது. அது தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வாழ்த்து மடலாக முடியும்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர், சான்ட்ரா பீல் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கம் என்று சொல்லலாம். நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தம்மை வாட்டிய நிகழ்ச்சியைப் பற்றி மாணவர்கள் எழுதினார்கள். நிகழ்ச்சியை மட்டும் எழுதியவர்கள், உணர்ச்சியை மட்டும் எழுதியவர்கள், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் என மூன்று குழுக்கள். இவற்றோடு, சாதாரணச் செய்திகளை எழுதிய ஒரு குழு. இரண்டையும் சேர்த்து எழுதியவர்களே அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகச் சென்றார்கள். ஆனால் எழுதி முடித்தவுடன் அவர்களுடைய மனநிலை தாழ்ந்தே இருந்தது. எழுதியதும் மனம் லேசாகவில்லையே என்று நோட்டைத் தூக்கி எறிகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் அந்த எழுத்துகளின் சொற்களைக் கணினி கொண்டு ஆராய்ந்தபோது, “ஏனென்றால்”, “அதனால்”, “இப்போது புரிகிறது” போன்ற காரணத்தையும் தெளிவையும் காட்டும் சொற்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனவர்களே மிகுந்த பயன் பெற்றிருந்தார்கள் என்று தெரியவந்தது. முதல் நாளிலேயே எல்லாம் புரிந்துவிட்டதாக எழுதியவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. நகர்வுதான் முக்கியமாக இருந்தது. வெண்தாள் சொன்ன மூன்று கேள்விகளையும் (யார் என்ன சொன்னார், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஏன் வாயடைத்தேன்) பாருங்கள். இவை நாளுக்கு நாள் அப்படியே திரும்ப வந்தால் அது வெறும் அசைபோடல். அசைபோடல் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்ஸிமா தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

அசைபோடுவதை உணர்ந்தால் நான் ஒரு சிறு உத்தியைக் கையாளுகிறேன். “நான்” என்பதை “அவள்” என்று மாற்றிவிடுவேன். “அவள் ஏன் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை?” என்று எழுதும்போது கேள்வியின் கூர்மை மாறுவதில்லை, ஆனால் குற்றச்சாட்டின் தொனி போய்விடுகிறது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் இப்படித் தன்னிடமிருந்து ஓரடி விலகி நின்று பேசுவதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார். படர்க்கையில் தன்னைக் குறிப்பிடுவது மனக்கொதிப்பைத் தணிக்க உதவுகிறது என்பதே அவர் கண்டது. மகிழ்ச்சியை எழுதும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அங்கே நீங்கள் விலகி நிற்கத் தேவையில்லை.

அந்திநடை

இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. யார் படிப்பார் என்ற நினைப்பு எழுத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதுதான் அது. மகிழ்ச்சியை எழுத முடியாமல் போவதற்கு இதுவும் காரணம் என்று எண்ணுகிறேன். துயரத்தை எழுதுவதில் ஒரு கண்ணியம் இருப்பதாக நினைக்கிறோம். அற்பமான ஒன்றில் மகிழ்ந்ததை எழுதக் கூசுகிறோம். யாருமே படிக்கப்போவதில்லை என்றால் யாரிடம் கூச்சம்?

நாட்குறிப்பாளர்கள் மறைப்பதற்கு மேற்கொண்ட முயற்சிகள் சுவையானவை. சாமுவேல் பெப்பிஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1669 வரை எழுதியது பெரும்பாலும் சுருக்கெழுத்தில். அதைப் படித்து எழுத 1819இல் ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது. அச்சில் வந்தது 1825இல். ஆனால் அதே பெப்பிஸ்தான் அந்த ஏடுகளுக்கு அட்டை கட்டித் தம் நூலகத்தோடு சேர்த்துப் பாதுகாக்கும்படி விட்டுச் சென்றார். மறைக்கவும் வேண்டும், யாராவது கண்டுபிடிக்கவும் வேண்டும்! சிறுவர் கதை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் பதின்ம வயதிலிருந்து முப்பது வயது வரை தானே உருவாக்கிய குறியீட்டு எழுத்தில் எழுதினார். 1958இல்தான் அது உடைக்கப்பட்டது. பெரிய இரகசியங்கள் எவையும் அதில் இல்லை. தன் கருத்தைத் தயங்காமல் சொல்லிக்கொள்ள ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மறுபக்கத்துக்கு டால்ஸ்டாய். 1862இல் திருமணத்துக்கு முன் தம் பழைய நாட்குறிப்புகளை மணப்பெண் சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். நேர்மை என்று அவர் கருதிய அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு ஆறாத வடுவாக நின்றது. வாழ்வின் கடைசி ஆண்டான 1910இல், வீட்டில் எல்லோரும் தம் நாட்குறிப்பைப் படிக்கிறார்கள் என்பதால், தமக்கு மட்டுமேயான மற்றொரு நாட்குறிப்பை ஒளித்துவைத்து எழுதும் நிலைக்கு வந்தார்.

ஆன் ஃபிராங்கின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. 1944 மார்ச்சில், போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் பின்னர் சேகரிக்கப்பட வேண்டும் என்று டச்சு அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசியதைக் கேட்ட பின், அந்தச் சிறுமி தான் எழுதியதை நூலாக்கும் எண்ணத்தோடு மீண்டும் எழுதத் தொடங்கினாள். சில பதிவுகளை விட்டாள், சிலவற்றைச் செம்மைப்படுத்தினாள். ஒரே மனம், ஒரே மறைவிடம். வாசகர் என்ற நினைப்பு வந்தவுடன் எழுத்து வேறாகிவிட்டது. அதைக் குறை என்று சொல்லவில்லை, அது எழுத்தாளரின் பிறப்பு. ஆனால் நாம் இங்கே தேடுவது அதை அன்று. எனவே என் கருத்து சுருக்கமானது: பூட்டு வைத்த மேசை இழுப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், வீட்டில் உள்ளவர்களிடம் இதைப் படிக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். பிறர் நாட்குறிப்பு என்று தெரிந்தும் அதைத் திறக்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது.

மைக்கறை

கைப்பேசிச் செயலியில் எழுதலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுதலாம். தேடுவதற்கு எளிது, கடவுச்சொல் போடலாம், இருட்டில் எழுதலாம். ஆனால் அதே திரையில் செய்தி வந்து நிற்கும். எனக்குத் தாள் பொருந்துகிறது. இதில் விவாதிக்க வேறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பழம்பதிவு

அந்திநடை சொன்னதற்கு ஒரு துணைச்செய்தி, நம் மொழியிலிருந்தே. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் தன்னுணர்வைத் தேடிச் செல்கிறவர் ஏமாறக்கூடும். கப்பல் வந்த செய்தி, வணிகக் கணக்கு, ஊரில் உலவிய பேச்சு, ஆளுநர் துய்ப்ளேக்சு சொன்னது, தாம் அதற்குச் சொன்ன மறுமொழி என்றே செல்லும். இன்று மனம் எப்படி இருந்தது என்று அவர் உட்கார்ந்து ஆராய்வது அரிது. ஆனாலும் சில நூறு பக்கங்கள் படித்த பின் அந்த மனிதரை நமக்குத் தெரிந்துவிடுகிறது. எதைக் கவனிக்கிறார், யாருடைய சொல்லைச் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருக்கிறார், எந்த மரியாதையை எண்ணிக் கணக்கு வைக்கிறார் என்பதிலேயே அவர் வெளிப்பட்டுவிடுகிறார்.

ஆகவே தன்னை அறிவதற்குத் தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே பார்த்ததை நேர்மையாக எழுதினாலே, பார்த்த கண் யாருடையது என்பது காலப்போக்கில் தெரிந்துவிடும். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் ஜப்பானிய அரண்மனையில் இருந்த செய் ஷோனகன், இதயத்தைத் துள்ளச் செய்பவை, எரிச்சலூட்டுபவை என்று பட்டியல்களாகவே எழுதினார். வெறும் பட்டியல்தான், ஆனால் அவருடைய இரசனையும் குறும்பும் செருக்கும் ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகின்றன. ஒரு வரிக்கு மேல் எழுத வராத நாளில் பட்டியல் போடுவது நல்ல வழி. மைக்கறையின் நன்றிப் பட்டியலைவிட இது எனக்கு உவப்பானது, ஏனென்றால் இதில் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மைக்கறை

நன்றிப் பட்டியலிலும் அந்தக் கட்டாயம் இல்லை, நண்பரே. நேற்று ஒரு கூட்டம் இரத்தானதற்கு நன்றி எழுதினேன்.

ஓரக்குறிப்பு

தன்னை அறிதலைப் பற்றி இன்னொன்று. டார்வின் தம் தன்வரலாற்றில் ஒரு விதியைக் குறிப்பிடுகிறார். தம் பொதுக் கொள்கைக்கு மாறான உண்மையோ கருத்தோ எதிர்ப்பட்டால் அதைத் தவறாமல் உடனே எழுதிவைத்துவிடுவாராம். சாதகமானவற்றைவிட இத்தகையவை விரைவில் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். நம் ஒவ்வொருவரிடமும் நம்மைப் பற்றி ஒரு கொள்கை இருக்கிறது. நான் தனிமை விரும்பி, எனக்குக் குழந்தைகளோடு பழக வராது, எனக்கு இசை புரியாது என்பது போல. அந்தக் கொள்கைக்கு முரணாக ஒரு நாள் நடந்துகொண்டால், அதாவது பெருங்கூட்டத்தின் நடுவே எதிர்பாராமல் மகிழ்ந்திருந்தால், அன்றிரவே எழுத வேண்டியது அதைத்தான். மறுவாரம் அது நினைவில் இருக்காது. பழைய கொள்கைதான் இருக்கும்.

வெண்தாள் அவர்களின் நோட்டில் “இன்று நல்ல நாள்” என்று நிற்கிற அந்த வரிகளுக்குள் இத்தகைய முரண்கள் பல புதைந்திருக்கும் என்பது என் ஊகம்.

வெண்தாள்

அனைவருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடப் பயனுள்ள மறுமொழிகள். ஓரக்குறிப்பின் ஊகத்தைச் சோதிக்கப் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். “இன்று நல்ல நாள்” என்று இருந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் ஏன் நல்ல நாள் என்பது சிறிதும் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஓரத்தில் “நடந்தே வந்தேன்” என்று இருந்தது. அந்த இரண்டு சொற்களைக் கண்டதும் அந்த மாலை முழுவதும் திரும்பி வந்தது: உடன் வந்தவர், பேசியது, செருப்பு வார் அறுந்தது, அதற்காகச் சிரித்தது. பழம்பதிவு சொன்ன விவரிப்பின் வலிமையை இதற்கு மேல் எனக்கு யாரும் நிறுவ வேண்டியதில்லை. மழைத்துளி அளவுக்கு எழுத எனக்கு வருமா என்று தெரியவில்லை, ஆனால் நாளுக்கு ஒரு செயலும் ஒரு பொருளும் என்ற அளவில் எழுத முடியும் என்று தோன்றுகிறது.

இதிலிருந்து ஒரு கேள்வி கிளைக்கிறது. எழுதியதை எப்போது திரும்பப் படிக்க வேண்டும்? சிலர் ஒருபோதும் படிப்பதில்லை என்கிறார்கள். மறுநாளே படித்தால் எழுத்துப்பிழைதான் கண்ணில் படுகிறது.

அந்திநடை

ஒருபோதும் படிக்காதவர்களும் உண்டு, அவர்களுக்கு எழுதும் நேரமே போதுமானதாக இருக்கிறது. ஆனால் தன்னை அறிவது என்ற உங்கள் இரண்டாவது ஆசை, படிக்கும்போதுதான் நிறைவேறும். எழுதுகிறவர் அன்றைய வெயிலில் நிற்கிறார். அவருக்குத் தன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க நேரமில்லை.

ஐயவினா

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். டிங் ஜாங் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்டது. அண்மையில் நடந்த உரையாடல், கேட்ட பாடல் போன்ற மிகச் சாதாரணமான செய்திகளை மாணவர்கள் குறித்துவைத்தார்கள்; பின்னாளில் இவற்றைப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்றும் கணித்துச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தபோது, தாம் கணித்ததைவிட மிகுந்த ஆர்வமும் இன்பமும் அடைந்தார்கள். சிறப்பு நாட்களைவிடச் சாதாரண நாட்களைப் பற்றிய கணிப்பில்தான் பெரும் பிழை இருந்தது. சிறப்பு நாள் எப்படியும் நினைவில் இருந்துவிடுகிறது. சாதாரண நாளைத்தான் முழுவதுமாக இழந்துவிடுகிறோம், இழப்போம் என்று அறியாமலேயே.

ஆகவே என் முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இப்போது என் விடை வேறு. “இன்று நல்ல நாள்” என்று நிறுத்திக்கொள்வது அன்றைய இன்பத்தைக் காக்கலாம். மூன்று மாதம் கழித்துக் கிடைக்கக்கூடிய இன்பத்தை அது தராது. காலாண்டுக்கு ஒரு முறை படிப்பது என்று வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். அதற்குக் குறைந்த இடைவெளியில் படித்தால், எழுதியவரும் படிப்பவரும் ஏறத்தாழ ஒரே ஆளாகவே இருப்பார்கள்.

ஓரக்குறிப்பு

படிக்கும்போது பழைய பக்கங்களைத் திருத்தாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தால் ஓரத்தில், வேறு நிற மையில், அன்றைய தேதியோடு எழுதுங்கள். முன்னால் இருந்தவரையும் பேச விட வேண்டும். என் பழைய பக்கங்களில் சில இடங்களில் ஓரக்குறிப்புக்கு மேல் ஓரக்குறிப்பு ஏறி, மூன்று வெவ்வேறு வயதில் இருந்த நான் என்னோடே வாதிட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். படிப்பதற்கு அந்தப் பக்கங்களே எனக்கு மிகவும் பிடித்தவை.

வெண்தாள்

விடுபட்ட நாட்களை என்ன செய்வது? தேதி அச்சிட்ட நாட்குறிப்பில் வெற்றுப் பக்கங்களைக் கண்டால் மீண்டும் தொடங்கவே மனம் வருவதில்லை.

மைக்கறை

தேதி அச்சிட்ட ஏட்டை வாங்காதீர்கள். கோடு போட்ட சாதாரண நோட்டில், எழுதும் நாளில் நீங்களே தேதியைப் போட்டுக்கொண்டால் விடுபட்ட நாள் என்ற ஒன்றே இருக்காது. விட்டதற்கு மன்னிப்புக் கேட்டு அரைப்பக்கம் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். நாட்குறிப்புகளில் நான் படித்தவற்றுள் மிகவும் அலுப்பூட்டுவது அந்த அரைப்பக்கம்தான்.

பழம்பதிவு

தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது: நாளும் மாதமும் மட்டும் போடாமல் ஆண்டையும் எழுதுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தொடங்கிய தேதியையும் கடைசிப் பக்கத்தில் முடிந்த தேதியையும் குறியுங்கள். ஆட்களின் பெயரை முதலெழுத்தால் மட்டும் சுட்டினால், சில ஆண்டுகளில் அந்த எழுத்து யாரைக் குறிக்கிறது என்பது உங்களுக்கே புலப்படாது. குறைந்தது ஒரு முறையாவது, அந்த நோட்டில் அவர் முதலில் வரும் இடத்தில், முழுப் பெயரையும் அவர் உங்களுக்கு என்ன முறை என்பதையும் எழுதிவிடுங்கள். உடன் நடந்து வந்தவரின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், ஓரக்குறிப்பு சொன்னபடி, வேறு மையில் சேர்த்துவிடலாம்.